அட்ஜஸ்டபிள் டை: ஒரே சட்டத்தில் பல அளவுப் பட்டைகள்

மோட்டார் ஷாஃப்டையும் அதன்மேல் ஏறும் புல்லியையும் ஒன்றாகச் சுழல வைப்பது ஒரு சிறிய செவ்வக இரும்புக் கட்டை. பட்டறையில் அதற்குக் கீ என்று பெயர். அது உட்காரும் பள்ளம் கீவே. ஷாஃப்டின் விட்டம் 22 மி.மீ.க்கு மேல் 30 மி.மீ. வரை இருந்தால் 8 மி.மீ. அகலமும் 7 மி.மீ. உயரமும் உள்ள கீ போட வேண்டும். 30-ஐத் தாண்டி 38 வரை 10-க்கு 8. அடுத்து 44 வரை 12-க்கு 8, அதற்கடுத்து 50 வரை 14-க்கு 9. பட்டியல் இரண்டு பக்கமும் இன்னும் நீளும்.

கீயைப் பெரும்பாலும் ஒவ்வொன்றாக மில்லிங்கில் செதுக்கி எடுப்பதில்லை. அதே அகலமும் உயரமும் கொண்ட நீளமான பட்டையை வாங்கி, வேண்டிய நீளத்துக்கு அறுத்துக்கொள்கிறார்கள். பட்டையின் அகலம் 8 மி.மீ. என்றால் அதில் அனுமதிக்கப்படும் பிசகு 0.036 மி.மீ.தான். அதுவும் குறைவுப் பக்கம் மட்டும். ஒரு இம்மி கூடினாலும் கீவேக்குள் இறங்காது. ரோலிங் மில்லில் பழுக்கக் காய்ச்சி உருட்டிய பட்டைக்கு இந்தத் துல்லியம் வராது. அதைக் குளிர்ந்த நிலையில் டை என்ற குறுகும் துளை வழியாக இழுத்தால்தான் வரும்.

அப்படியானால் இத்தனை அளவுகளுக்கும் இத்தனை டைகள் வாங்கி அலமாரியில் அடுக்க வேண்டுமா? வட்டக் கம்பிக்கு ஆமாம். சதுரத்துக்கும் பட்டைக்கும் வேண்டாம். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று பிடிபட்டுவிட்டால் அட்ஜஸ்டபிள் டையின், அதாவது அளவை மாற்றி வைத்துக்கொள்ளக்கூடிய டையின், பாதி புரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இழுக்கும்போது என்ன நடக்கிறது

டை என்பது மிகக் கடினமான பொருளில் செய்த, உள்ளே போகப் போகக் குறுகும் துளை. துளையைவிடச் சற்றுப் பெரிய கம்பியை அதில் நுழைத்து மறுபக்கத்திலிருந்து இழுத்தால், கம்பி மெலிந்து நீள்கிறது. சீவல் விழுவதில்லை. குறுக்கில் குறைந்தது நீளத்தில் கூடிவிடுகிறது. தங்க வேலை செய்யும் ஆசாரிகளிடம் உள்ள கம்பியச்சும் இதே வேலையைத்தான் செய்கிறது: ஓர் எஃகுத் தகட்டில் பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளையாக இழுத்துக்கொண்டே வந்தால் கம்பி வேண்டிய மெல்லிசுக்கு வந்துசேரும்.

தொழிற்சாலையில் அளவு பெரிது, அவ்வளவுதான். ரோலிங் மில்லிலிருந்து வரும் பாரின் மேல் கருப்புச் செதில் படிந்திருக்கும். அந்த இரும்பு ஆக்சைடு கல்போலக் கடினமானது. அப்படியே இழுத்தால் டையைக் கீறிவிடும். அமிலத் தொட்டியில் முக்கியோ, எஃகுக் குண்டுகளை வேகமாக அடித்தோ செதிலை நீக்குவார்கள். பிறகு சுண்ணாம்பு அல்லது பாஸ்பேட் பூச்சு, அதன்மேல் எண்ணெயோ சோப்போ. பாரின் ஒரு முனையைச் சன்னமாக்கி டைக்குள் நுழைத்து, மறுபக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் முனையை டிரா பெஞ்ச் என்ற நீண்ட இயந்திரத்தின் பிடி கவ்விக்கொள்ளும். சங்கிலியில் ஓடும் வண்டி அந்தப் பிடியோடு பாரை இழுத்துக்கொண்டு போகும். இப்படி வருவதுதான் கடைகளில் பிரைட் பார் என்று கிடைக்கும் மினுமினுப்பான பார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 22 மி.மீ. வட்டப் பாரை 20 மி.மீ.க்கு இழுத்தால் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 17 சதவீதம் குறைகிறது. சாதாரண மைல்டு ஸ்டீலுக்கு, உராய்வையும் சேர்த்து, உத்தேசமாக 4 டன் இழுவிசை வேண்டும். விட்டத்தில் 2 மி.மீ. குறைக்கவே இவ்வளவு. ஒரே இழுப்பில் இன்னும் நிறையக் குறைத்துவிடலாமே என்று தோன்றலாம். அங்கேதான் இழுப்புக்கே உரிய ஒரு வரம்பு குறுக்கிடுகிறது. டையின் வெளிப்பக்கம் வந்துவிட்ட மெலிந்த கம்பிதான் உள்ளே இருக்கும் தடித்த கம்பியை இழுக்கிறது. இழுக்கத் தேவையான விசை அந்த மெலிந்த கம்பி தாங்கும் அளவைத் தாண்டினால், டைக்குள் எதுவும் நகராது; வெளியே உள்ளதுதான் மெலிந்து அறும். உராய்வே இல்லை, உலோகம் இழுக்க இழுக்கக் கெட்டிப்படுவதும் இல்லை என்று வைத்துக் கணக்கிட்டாலும் ஒரு இழுப்பில் பரப்பை அதிகபட்சம் 63 சதவீதம்தான் குறைக்க முடியும். நடைமுறையில் பார்களுக்கு அதன் பக்கத்தில்கூடப் போவதில்லை. ஒரு இழுப்புக்கு விட்டத்தில் அரை நூல், அதாவது 1/16 அங்குலம் குறைப்பது இத்தொழிலில் நெடுநாள் வழக்கம்.

இழுக்கப்பட்ட உலோகம் கெட்டிப்படும் என்பதையும் சொல்ல வேண்டும். 1018 என்ற குறைகார்பன் எஃகை எடுத்துக்கொண்டால், சூடாக உருட்டிய நிலையில் அது நிரந்தரமாக நெளியத் தொடங்கும் அழுத்தம் ஏறத்தாழ 220 மெகாபாஸ்கல். குளிர்நிலையில் இழுத்தபின் அதுவே 370 ஆகிறது. எந்தப் பொருளையும் சேர்க்காமல், வெறும் இழுப்பிலேயே கிடைத்த வலிமை இது. அதே காரணத்தால் பல முறை இழுக்க வேண்டியிருந்தால் நடுவில் காய்ச்சி ஆறவிட்டு மிருதுவாக்க வேண்டும்.

டையின் உள்ளே

ஒரு டையைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் நான்கு பகுதிகள் தெரியும். முதலில் அகன்ற வாய். எண்ணெயும் சோப்பும் கம்பியோடு சேர்ந்து உள்ளே போக வழி. அடுத்தது சரிவு, உண்மையான வேலை முழுவதும் இங்கேதான். மையக்கோட்டிலிருந்து இந்தச் சரிவின் சாய்வு பெரும்பாலும் 6 முதல் 10 டிகிரி. மூன்றாவது, சரிவே இல்லாத ஒரு குட்டையான நேர்பகுதி. கம்பியின் கடைசி அளவைத் தீர்மானிப்பது இதுதான். கடைசியில் மறுபடி விரியும் வெளிவாய்.

சரிவு செங்குத்தாக இருந்தால் உலோகம் திடீரென்று திரும்ப வேண்டியிருக்கும். அப்படித் திருப்புவதற்கே கூடுதல் விசை வீணாகும். சரிவு மிகவும் படுத்திருந்தால் உரசும் நீளம் கூடி உராய்வு ஏறும். இரண்டுக்கும் நடுவே விசை மிகக் குறைவாக இருக்கும் கோணம் ஒன்று உண்டு. பொருளும் குறைக்கும் அளவும் மாறினால் அதுவும் மாறும்.

இன்று டைகள் பெரும்பாலும் டங்ஸ்டன் கார்பைடில் செய்யப்படுகின்றன. இந்தப் பொருள் பிறந்ததே கம்பி இழுப்புக்காகத்தான். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மின்விளக்கின் டங்ஸ்டன் இழைகளை வைர டைகளில் இழுத்தார்கள். வைரத்துக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. ஜெர்மனியின் ஓஸ்ராம் நிறுவனம் மாற்றுத் தேடியது. அங்கே கார்ல் ஷ்ரோட்டர் டங்ஸ்டன் கார்பைடுத் தூளைக் கோபால்ட்டுடன் சேர்த்துச் சூட்டில் இறுக்கும் முறையைக் கண்டு 1923-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1926-இல் க்ருப் நிறுவனம் அதை விடியா என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. லேத் பட்டறைகளில் இன்று ஓடும் கார்பைடு டிப்களின் மூதாதை அந்த விளக்கு இழை டைதான்.

கார்பைடுக்கு ஒரு பலவீனம் உண்டு. அமுக்கினால் அசையாது, விரித்தால் சட்டென்று விரிசல் விடும். எனவே கார்பைடுத் துண்டை ஓர் எஃகு வளையத்துக்குள் இறுக்கமாகப் பொருத்தி, எப்போதும் அமுக்கத்திலேயே வைத்திருப்பார்கள்.

வட்டம் ஏன் இடம் கொடுப்பதில்லை

20 மி.மீ. வட்டத் துளையை இரண்டாகப் பிளந்து, இரு பாதிகளையும் விலக்கி 21 மி.மீ. ஆக்கினால் என்ன கிடைக்கும்? 21 மி.மீ. வட்டம் கிடைக்காது. முட்டை வடிவில் ஏதோ ஒன்று கிடைக்கும். ஒவ்வொரு பாதியின் வளைவும் 10 மி.மீ. ஆரத்துக்கென்றே செய்யப்பட்டது, அந்த வளைவு வேறு எந்த அளவுக்கும் பொருந்தாது. வட்டத்தில் அளவும் வடிவமும் பிரிக்க முடியாதவை.

தட்டையான முகம் அப்படியல்ல. 8 மி.மீ. பட்டையின் பக்கமும் தட்டை, 80 மி.மீ. பட்டையின் பக்கமும் தட்டை. எதிரெதிரே உள்ள இரண்டு தட்டை முகங்களை நெருக்கினாலும் விலக்கினாலும் வடிவம் கெடாது, இடைவெளி மட்டும் மாறும். அறுகோணமும் இப்படித்தான்: எந்த அளவிலும் மூலைக் கோணம் 120 டிகிரியே. ஆகவே நட்டுக்கும் போல்ட்டுக்கும் போகும் அறுகோணப் பாரையும் தட்டைக் கட்டைகளைக் கூட்டி அமைத்த டையில் இழுக்கலாம். துளையில் அளவு இருக்கும்வரை ஒரு டைக்கு ஓர் அளவுதான். கட்டைகளுக்கு இடையே உள்ள தூரத்தில் அளவு இருந்தால் ஒரு டைக்குப் பல அளவுகள்.

நான்கு கட்டைகளின் ஏற்பாடு

செவ்வகத்துக்கு நான்கு பக்கம், ஆகவே நான்கு கார்பைடு கட்டைகள். ஆனால் நான்கையும் வெறுமனே நெருக்கினால் மூலைகளில் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும்; விலக்கினால் மூலைகளில் சந்து விழும். சந்து விழுந்தால் உலோகம் அதற்குள் பிதுங்கி, பட்டையின் ஓரத்தில் பிசிறு நிற்கும்.

இதற்குக் கண்டுபிடித்த வழி எளிமையானது, அதனாலேயே எனக்கு மிகவும் பிடித்தது. அட்டைப் பெட்டியை ஒட்டாமல் மூடும்போது நான்கு மடல்களையும் ஒன்றின் கீழ் ஒன்றாகச் சுற்றிச் செருகுவோமே, அந்த ஏற்பாடு. மேல்கட்டையின் முனை வலக்கட்டையின் முகத்தில் முட்டும். வலக்கட்டையின் முனை கீழ்க்கட்டையின் முகத்தில் முட்டும். கீழ்க்கட்டையின் முனை இடக்கட்டையின் முகத்திலும், இடக்கட்டையின் முனை மேல்கட்டையின் முகத்திலும் முட்டும். நடுவில் விடும் இடைவெளிதான் செவ்வகத் துளை.

உயரத்தைக் கூட்ட வேண்டுமா? மேல்கட்டையை உயர்த்தி, அதில் முட்டிக்கொண்டிருக்கும் இடக்கட்டையையும் கூடவே மேலே நகர்த்தினால் போதும். இடக்கட்டை தன் முகத்தின் போக்கிலேயே வழுக்கி நகர்வதால் அகலம் மாறாது. அகலத்தைக் கூட்ட வலக்கட்டையை விலக்கி, மேல்கட்டையை அதைத் தொடும்வரை வலப்பக்கம் தள்ள வேண்டும், உயரம் மாறாது. ஆக ஒவ்வொரு கட்டைக்கும் இரண்டு அசைவுகள் உண்டு. குறுக்கே நகர்ந்தால் அளவு மாறும், நெடுக நகர்ந்தால் மூலை மூடிக்கொள்ளும். ஒரு தாளில் நான்கு செவ்வகங்களை வெட்டி இப்படி வைத்து நகர்த்திப் பாருங்கள். படிப்பதைவிட வேகமாகப் புரியும்.

கட்டைகள் ஒரு கனமான எஃகுச் சட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கும். ஆப்புகளாலோ திருகுகளாலோ அவற்றை நகர்த்திப் பூட்டுவார்கள். இழுக்கும்போது உலோகம் கட்டைகளை வெளியே தள்ளும் விசை பெரிது. எனவே சட்டம் கனமாக இருந்தே ஆக வேண்டும்.

இந்த அமைப்பில் அளவு மாற்றும் வசதி கண்ணுக்குத் தெரியும் லாபம். தெரியாத லாபம் மூலையில் இருக்கிறது. ஒரே துண்டில் செய்த சதுர டையில் உள்மூலைகள்தான் பலவீனமான இடம். விசை அங்கே குவிவதால் விரிசல் அங்கேயே தொடங்கும். ஆகவே மூலையைச் சிறிது வளைத்துத்தான் செய்வார்கள். நான்கு துண்டு டையில் மூலை என்பதே இரண்டு துண்டுகள் சந்திக்கும் இடம். விரிசல் விட அங்கே ஒன்றும் இல்லை. கூரான மூலையும் கிடைக்கிறது. தேய்மானத்திலும் இதே நன்மை. கம்பி முதன்முதலில் தொடும் இடத்தில்தான் டை முதலில் தேய்ந்து ஒரு தழும்பு விழும். ஒரே துண்டு டையில் அப்படி விழுந்தால் துளையைத் தேய்த்து அடுத்த பெரிய அளவுக்கு மாற்றிக்கொள்வது வழக்கம்; பழைய அளவு போனதுதான். கட்டையில் தழும்பு விழுந்தால் அதைக் கழற்றி, புரட்டி வேறு பக்கத்தைப் பயன்படுத்தலாம், அல்லது வெளியே வைத்தே சமமாகச் சாணை பிடித்துவிடலாம்.

அளவு வைப்பது

முதலில் துப்புரவு. கட்டைகளின் முட்டும் முகங்களில் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தாலும் மூலையில் சந்து விழும். துடைத்து, ஸ்லிப் கேஜ் எனப்படும், துல்லியமான அளவுள்ள எஃகுத் துண்டுகளை இடையில் வைத்து, கட்டைகளை அதோடு ஒட்டி நகர்த்தி, திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். ஒரு திருகை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் கட்டை சாய்ந்துவிடும்.

இப்படி மிகச் சரியாக 8 மி.மீ. வைத்தாலும் பட்டை 8 மி.மீ.யாக வெளிவராது. விசையில் சட்டம் ஒரு துளி விரிந்துகொடுக்கும். வெளியே வந்த பட்டையும் ஒரு துளி விரிந்துகொள்ளும். ஆகவே கொஞ்சம் குறைவாக வைத்து, ஒரு துண்டு இழுத்து, மைக்ரோமீட்டரில் அளந்து, திருத்தி, மறுபடி இழுக்க வேண்டும். அளக்கும்போது அகலம், உயரம் இரண்டோடு நிறுத்திவிடாதீர்கள். மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். இரண்டும் சமமாக இல்லையென்றால் பட்டை சாய்செவ்வகமாகியிருக்கிறது, அல்லது மூலைகள் ஒரே மாதிரி நிரம்பவில்லை.

மூலை நிரம்புவது தனி விஷயம். வட்டக் கம்பியை எடுத்து 10 மி.மீ. சதுரமாக்குவதாக வைத்துக்கொள்வோம். சதுரத்தின் பரப்பு 100 சதுர மி.மீ. அதே பரப்புள்ள வட்டத்தின் விட்டம் 11.28 மி.மீ. அதைவிடப் பெரிதாக, 12.5 மி.மீ. கம்பி எடுத்தால் 18.5 சதவீதம் குறைப்பு, நியாயமான இழுப்புதான். ஆனால் சதுரத்தின் மூலை மையத்திலிருந்து 7.07 மி.மீ. தள்ளி இருக்கிறது, கம்பியின் ஆரமோ 6.25 மி.மீ. மீதித் தூரத்துக்கு உலோகம் வெளிப்பக்கமாக நகர்ந்து மூலைக்குள் ஏற வேண்டும். இழுவிசையோ அதை மெலிய வைக்கப் பார்க்கிறது. அதனால் மூலைகள் மழுங்கியே நிற்கும். டை எவ்வளவு கூராக இருந்தாலும் உலோகம் அங்கே போய்ச் சேர்ந்தால்தானே! பெரிய சதுரப் பார்களுக்கு மில்லிலேயே சதுரமாக உருட்டியதை எடுத்து இழுப்பது இதனால்தான்.

உருளும் டை

கட்டைகளுக்குப் பதிலாக நான்கு உருளைகளை வைத்தால் கிடைப்பது டர்க்ஸ் ஹெட். மேலும் கீழும் இரண்டு, இடமும் வலமும் இரண்டு. நான்கின் அச்சுகளும் ஒரே தளத்தில், கம்பியின் போக்குக்குக் குறுக்கே. பெரும்பாலான வகைகளில் உருளைகளுக்கு மோட்டார் கிடையாது. கம்பியை இழுக்க, அதன் உராய்விலேயே அவை சுழலும். எல்லாப் பக்கமும் நகர்த்தக்கூடிய வகையில் உருளைகளும் முன்சொன்ன அதே செருகல் ஏற்பாட்டில்தான் நிற்கும்: ஒன்றின் பக்கவாட்டு அடுத்ததன் முகத்தில் முட்டும்.

கட்டையில் உலோகம் உரசிப் போகிறது. உருளையில் உருண்டு போகிறது. உராய்வு குறைவு, சூடு குறைவு, இழுவிசையும் குறைவு. ஆகவே ஒரே இழுப்பில் கூடுதலாகக் குறைக்கலாம். சில வகைகளில் உருளைகளை அகலத் திறந்து, கம்பியை முனை சன்னமாக்காமலேயே உள்ளே வைத்து மூடிக்கொள்ளலாம். ஆனால் சுழலும் பாகம் என்றால் பேரிங் உண்டு, பேரிங் என்றால் சிறிது ஆட்டமும் உண்டு. கடைசி அளவுத் துல்லியத்திலும் மேற்பரப்பின் மினுமினுப்பிலும் அசையாத டைதான் ஒரு படி மேல். உருளையில் வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, கடைசி இழுப்பை மட்டும் ஒரே துண்டு டையில் கொடுப்பவர்களும் உண்டு.

உருளை டையில் புதியவர்களைத் திணற வைப்பது முறுக்கு. பட்டை திருகிக்கொண்டே வெளிவரும். ஒரு உருளை மற்றவற்றின் தளத்திலிருந்து விலகியிருக்கும், அல்லது கம்பி நேராக மையத்தில் நுழைந்திருக்காது. திருகாமல் ஒரு பக்கமாக வளைந்து வந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது கம்பி நுழையும் மட்டம்தான்.

எப்போது வேண்டாம்

மாதக்கணக்கில் ஒரே அளவில் டன் டன்னாக இழுப்பவர்களுக்கு அட்ஜஸ்டபிள் டை தேவையில்லை என்பது என் கருத்து. அங்கே ஒரே துண்டு டை உறுதியானது, பொருத்தியதும் ஓடும், அளவு நகராது. பல அளவுகள், ஒவ்வொன்றிலும் கொஞ்சம், அடுத்த வாரம் வேறு அளவு என்று ஆர்டர் வரும் இடத்தில்தான் இதன் அருமை தெரியும். வாடிக்கையாளர் 11.7-க்கு 6.3 என்று யாரும் வைத்திருக்காத ஓர் அளவைக் கேட்டால், புது டை வரும்வரை காத்திருக்காமல் அன்றே இழுத்துக் கொடுக்கலாம்.

எந்த டையில் இழுத்திருந்தாலும் பிரைட் பார் வாங்குபவர் ஒன்றைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். குளிரில் இழுத்த பாரின் தோல்பகுதி உள்ளுக்குள் இழுபட்ட நிலையிலேயே உறைந்திருக்கும். நடுப்பகுதி அமுங்கிய நிலையில் அதை ஈடுகட்டிக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் மட்டும் நீளமாகக் கீவே வெட்டினால் அந்தச் சமன் குலைந்து ஷாஃப்ட் வளையும். பலர் மெஷினைக் குறை சொல்வார்கள். காரணம் பாருக்குள்ளேயே இருக்கிறது. நீளக் கீவே வெட்ட வேண்டிய ஷாஃப்டுக்கு, இந்த உள் இறுக்கத்தைப் போக்கிய பாராகக் கேட்டு வாங்குவது நல்லது.

டிரா பெஞ்சின் அருகில் நிற்பவர்களுக்கு: இழுபடும் பாரின் நேர்க்கோட்டில் ஒருபோதும் நிற்காதீர்கள். சன்னமாக்கிய முனை அறுந்தால் டன் கணக்கான விசை ஒரு நொடியில் விடுபடும். பிடியும் முனையும் எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. பார் இழுவையில் இருக்கும்போது டையின் திருகைத் தொடவே கூடாது. அளவு பிசகினால் நிறுத்தி, இழுவையைத் தளர்த்திவிட்டுத்தான் திருத்த வேண்டும்.

கையால் செய்து பழக விரும்புகிறவர்களுக்கு நகை வேலைக்கென்று சிறிய டர்க்ஸ் ஹெட் கிடைக்கிறது. வைஸில் பூட்டிக் கையால் இழுக்கலாம். 3 மி.மீ. செம்புக் கம்பி போதும். மங்கலாகச் சிவக்கும்வரை காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள். எஃகு போலல்லாமல், செம்பு இதனால் கெட்டிப்படாது, மிருதுவாகிவிடும். கொஞ்சம் மெழுகு தடவி, உருளைகளை ஒவ்வொரு இழுப்புக்கும் சிறிது சிறிதாக நெருக்கி 2.5 மி.மீ. சதுரத்துக்குக் கொண்டுவாருங்கள். மூலை முழுதாக நிரம்பினால் மூலைக்கு மூலை 3.54 மி.மீ. வர வேண்டும். அவ்வளவு வராது. எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு மூலை மழுங்கியிருக்கிறது என்று பொருள். தடித்த கம்பியில் தொடங்கி அதே 2.5-க்கு வந்து, மறுபடி அளந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.